டியூஷன் சாரின் எட்டு வாக்குறுதிகள்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் டைப்பு அக்காதான். முதலாளி அவளைவிட ஆறு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். அவளுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. எதிரில் இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் நாலு முறை மாறியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, இரங்கல் செய்தி, கடைத்திறப்பு, காணவில்லை என்று ஊரில் நடப்பதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும். எழுத்துப்பிழையைக் கண்டால் அவளுக்கு ஆகாது. லாரியின் பின்னால் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூட அன்று முழுக்க அதையே சொல்லி வீட்டுக்காரர் உயிரை வாங்குவாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இன்ஜின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டதால் குடும்பம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

மேயர் தேர்தல் அறிவித்த வாரத்தில் டியூஷன் சார் அச்சகத்துக்கு வந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். அவள் மகள் பத்தாம் வகுப்பில் தேறியதே அவர் புண்ணியத்தில்தான். கட்சி எதுவும் இல்லை. சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டு, நாலு பக்கத் தாளை மேஜைமேல் வைத்தார். குண்டு குண்டான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

"நான் ஜெயிச்சா என்ன செய்வேன்னு எட்டு தலைப்புல எழுதியிருக்கேன் அக்கா. நழுவுற பேச்சே கிடையாது. எல்லாம் நேரா இருக்கும்."

நேராகத்தான் இருந்தது. நகருக்குள் ஓடும் பேருந்துகள் இரவு பதினொன்று வரை ஓடும். கடைவீதியில் கார் நிறுத்தக் கூடாது. நடைபாதைக் கடைகளை விரட்டக் கூடாது. அளந்து கோடு போட்டு இடம் கொடுக்க வேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடை. வடிகாலை மூடிக் கட்டிய படிக்கட்டுகளை இடிக்க வேண்டும். தண்ணீர், பூங்கா, எல்லாவற்றுக்கும் ஒரு முடிவும் ஒரு தேதியும் இருந்தன. அவள் விரல் நின்றது குப்பை என்ற தலைப்பில். வடக்குக் குப்பைமேடு இரண்டு ஆண்டுக்குள் மூடப்படும். அந்தந்தப் பகுதிக் குப்பை அங்கங்கேயே தரம் பிரிக்கப்படும். அதற்கான கொட்டகைகள் முதலில் ஐந்து இடங்களில் வரும்.

வடக்குக் குப்பைமேட்டிலிருந்து பத்து நிமிட நடையில் அவள் வீடு. அது பற்றி எரியும் நாட்களில் ஜன்னலை அடைத்துக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருக்க வேண்டும். துவைத்துக் காயப்போட்ட புடவையை மடிக்கும்போதே புகை நாற்றம் அடிக்கும். ஐந்து கொட்டகைகளில் ஒன்று அவள் தெருக்கோடியில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்று போட்டிருந்தது. இருக்கட்டுமே, அந்த மலைக்கு ஒரு கொட்டகை தேவலாம் என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தாள்.

மறுநாள் சார் சிவப்புப் பேனாவோடு வந்தார்.

"வியாபாரிகள் சங்கத்துல பேசினேன். கார் நிறுத்தக் கூடாதுன்னா கடையை மூடிட்டுப் போயிடுவோம்னு சொல்றாங்க. 'முறைப்படுத்தப்படும்'னு மாத்திடுங்க அக்கா."

மாற்றினாள். இரண்டு நாள் கழித்து அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தார். நடைபாதைக் கடைகளுக்குக் கோடு போடுவது 'பரிசீலிக்கப்படும்' ஆயிற்று. படிக்கட்டுகளை இடிப்பதாகச் சொன்ன வரியை, சாரின் சொந்த மச்சானே வீட்டு வாசலில் நின்று எடுக்க வைத்துவிட்டார். தனியார் பேருந்து முதலாளிகளைப் பார்த்த அன்று இரவு பதினொன்று என்பது 'தேவையான நேரம் வரை' என்று சுருங்கிவிட்டது. யாருக்குத் தேவையான நேரம் என்று கேட்டாள். சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தார்.

ஏழாவது திருத்தத்தில் நாய் வந்தது. கருத்தடை என்ற வார்த்தை சிலர் மனதைப் புண்படுத்துகிறதாம். 'நாய்களை நேசிப்போரும் அஞ்சுவோரும் ஒருசேர மகிழும் வண்ணம், அனைத்துத் தரப்பினரோடும் கலந்து பேசி முடிவெடுக்கப்படும்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"நாயும் ஒரு தரப்புதானே சார். அதுங்களோடவும் கலந்து பேசிடுவீங்களா?" என்றாள்.

முதலாளி உள்ளிருந்து இருமினார். சார் போனதும் வெளியே வந்து, "நமக்கு எதுக்கு அக்கா இந்த வம்பு? அவர் சொல்றதை அடிச்சுக் கொடுத்துட்டுப் போங்களேன்" என்றார்.

"அடிச்சுத்தான் கொடுக்கிறேன். அர்த்தம் புரியாம அடிக்கிறதுக்கு நான் என்ன மெஷினா?"

'கலந்து பேசி முடிவெடுக்கப்படும்' என்ற அந்த வாக்கியம் நாயிலிருந்து தண்ணீருக்குத் தாவியது, தண்ணீரிலிருந்து பூங்காவுக்கு. பதினோராவது திருத்தத்தில் குப்பைக்கு வந்தது. குப்பைமேடு மூடப்படும் என்பதையும் ஐந்து இடங்களையும் சிவப்புக் கோடு வெட்டியிருந்தது. பக்கத்தில் அதே வாக்கியம். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எட்டு தலைப்பு எதுக்கு சார்? ஒரே தலைப்பு போதுமே. எல்லாத்துக்கும் ஒரே பதில்தானே."

"கோபப்படாதீங்க அக்கா. ஜெயிச்சாத்தானே எதையும் செய்ய முடியும்?"

"எதைச் செய்யப்போறீங்கன்னு சொல்லாமலே ஜெயிச்சா, அப்புறம் எதைச் செய்வீங்க?"

சார் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். தாளை மேஜையில் விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசினால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதலாளி அரைமணி நேரம் பொரிந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பதினோராவது திருத்தத்தை அடித்துக் கொடுத்தாள். வேலை முடியும் வரை மூலப்பிரதியைக் கிழிக்கக் கூடாது என்பது அச்சகத்து வழக்கம். அந்த முதல் நாலு பக்கத்தை அன்று கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பகுதிப் பள்ளிக்கூட மைதானத்தில் சாருக்குக் கூட்டம். பெஞ்சுகளில் நாற்பது பேர் இருப்பார்கள். அவள் பக்கத்து வீட்டுத் தையற்காரிதான் முதலில் எழுந்தாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண்.

"குப்பைமேட்டை எடுப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

சார் தொண்டையைக் கனைத்தார். "அனைத்துத் தரப்பினரோடும் கலந்து பேசி..."

டைப்பு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, பையிலிருந்த தாளை எடுத்து உரக்கப் படித்தாள். மேடு இரண்டு வருடத்தில் மூடப்படும் என்ற இடத்தில் கைதட்டல் எழுந்தது. சார் முகத்தில் ஈயாடவில்லை.

"இது உங்க கையெழுத்துதானே சார்? இதை ஏன் வெட்டினீங்க?"

"என் கையெழுத்துதான்" என்றார் சார். மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "மிச்சத்தையும் படிங்க அக்கா. பாதியில நிறுத்தாதீங்க."

அவள் படித்தாள். ஐந்தாவது இடத்தைப் படித்ததும் கைதட்டல் சட்டென்று நின்றது.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியா?" என்றாள் தையற்காரி. "பிள்ளைங்க படிக்கிற இடத்துலயா குப்பையைக் கொட்டுவீங்க?"

"கொட்ட மாட்டாங்க, பிரிப்பாங்க. நம்ம தெருக் குப்பை மட்டும்தான்" என்றாள் டைப்பு அக்கா.

"என்னவோ பண்ணட்டும். இங்க வேணாம். எங்கயாவது தூரமா கொண்டு போகட்டும்."

"தூரம்னா எங்க? இத்தனை வருஷமா ஊரே தூரமா கொண்டு போறோம்னுதான் நம்ம தலையில கொட்டிட்டிருக்கு!"

யாரும் காது கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். இத்தனை நாள் ஒன்றாகப் புகையில் இருமியவர்கள் இப்போது அவளை முறைத்தார்கள். சாரோடு சேர்ந்துகொண்டு தெருவை விற்கப் பார்ப்பதாக ஒருவர் சொன்னார். அவள் வீட்டுக்காரர்கூட, பாதிக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, "வா போகலாம்" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அஞ்சு இடத்துலயும் இதே கதைதான் அக்கா. எல்லாருக்கும் மேடு போகணும். கொட்டகை மட்டும் யாருக்கும் வேணாம். நான் என்ன பண்ணட்டும்?"

அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. அது போதாதென்று ஊர்மேலும் கோபம் வந்ததுதான் மிச்சம். அன்று ராத்திரி யாரோடும் பேசாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அச்சகம் திறக்கும்போதே சார் வாசலில் நின்றார். கையில் சிவப்புப் பேனா இல்லை.

"குப்பையை மட்டும் முதல்ல எழுதினபடியே போட்டுடுங்க. அஞ்சு இடத்தோட பெயரும் இருக்கட்டும்."

"மத்த ஏழு?"

"ஒரே நாள்ல எல்லார்கிட்டயும் அடி வாங்க முடியாது அக்கா."

ஏழும் அதே வழவழப்போடுதான் அச்சுக்குப் போயின. நாயும் தண்ணீரும் பூங்காவும் கலந்து பேசப்படுவதற்காகக் காத்திருக்க, குப்பை மட்டும் தனியாக, தேதியும் இடமுமாக நின்றது. அந்த நோட்டீஸைப் பார்த்தால் ஒருவர் எழுதியது போலவே இருக்கவில்லை. பிழை பார்க்கும்போது அவளுக்கு மறுபடி எரிச்சல் வந்தது. ஆனாலும் குப்பை என்ற தலைப்பை மற்றவற்றைவிட ஒரு சுற்று பெரிய எழுத்தில் போட்டாள். சார் அதைக் கவனித்தும் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஐந்து வேட்பாளர்களில் சார் மூன்றாவதாக வந்தார். வடக்குப் பகுதியில் நாலாவது இடம். கொட்டகை வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போடவில்லை என்று தையற்காரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். சொல்வதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஜெயித்தவர் எந்தத் தலைப்பிலும் எதுவும் சொல்லாதவர். அவருடைய நோட்டீஸில் படம் மட்டும்தான் இருந்தது. அதுவும் அந்த அச்சகத்தில் அடித்ததுதான்.

மூன்று மாதம் கழித்து சார் ஒரு மனுவோடு வந்தார். அவர் தெருவில் மாநகராட்சிக்குச் சொந்தமான காலிமனை ஒன்று முள்மண்டிக் கிடந்தது. அங்கே ஒரு கொட்டகை போட அனுமதி வேண்டும்.

"உங்க தெருவுலயா சார்?"

"வேற யார் தெருவுல கேட்டாலும் அடிக்க வர்றாங்களே."

அவர் தெருக்காரர்களும் அடிக்கத்தான் வந்தார்கள். நாற்றம் வரும் என்று பயந்து சிலர் பிள்ளைகளை டியூஷனிலிருந்து நிறுத்தினார்கள். மாநகராட்சி அலுவலகத்தில் மனு மேஜை மேஜையாக நகர்ந்தது. ஒருவர் படிவம் பழையது என்றார், இன்னொருவர் வரைபடம் எங்கே என்றார், மூன்றாமவர் விடுப்பில் இருந்தார். டைப்பு அக்கா ஒன்பது முறை மனுவைத் திருத்தி அடித்தாள். இரண்டு முறை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சாரோடு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசி முறை, விண்ணப்பத்தைக் கவனத்தில் கொள்வோம் என்று அதிகாரி இழுத்தபோது, "கலந்து பேசிதானே?" என்று கேட்டே விட்டாள். அதிகாரிக்குப் புரியவில்லை. சார் அவள் புடவை ஓரத்தைக் காலால் மிதித்து அடக்கினார்.

அனுமதி கிடைத்துக் கொட்டகை எழப் பதினான்கு மாதம் ஆயிற்று. தகரக் கூரை, சிமென்ட் தரை, நாலு தொட்டி, பிரித்துப்போட இரண்டு பெண்கள். திறப்பு விழாவுக்கு மேயர் வரவில்லை. குப்பைமேட்டுக்குத் தினமும் போகிற லாரிகளில் ஒன்று குறைந்தது. மேடு அப்படியேதான் இருந்தது. அவ்வப்போது எரியவும் எரிந்தது.

ஒரு சனிக்கிழமை டைப்பு அக்கா தையற்காரியைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தையற்காரி தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், பிரிக்கிற பெண்களிடம் நின்று விசாரித்தாள்.

"நாத்தமே இல்லையே. சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்றாள்.

டைப்பு அக்காவுக்கு மனம் குளிர்ந்தது. "அப்போ நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியும் ஒரு மனு போடலாமா?"

"ஐயோ, நம்ம தெருவுல வேணாம்."

பேருந்து நிறுத்தம் வரை டைப்பு அக்கா அவளைத் திட்டிக்கொண்டே நடந்தாள். பேருந்தில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை. தையற்காரி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.