எலும்பு வார்டில் யாரும் இருமுவதில்லை

இன்று செம்பூர் பஸ்ஸில் ஒரு நர்ஸ் இருமியதும் பக்கத்தில் இருந்தவர், "ஆஸ்பத்திரிச் சளி" என்று எழுந்து போனார். விடுவேனா? என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

எண்பதுகளில் நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வார்டுபாய். பெரிய டாக்டரே என்னைக் கேட்டுத்தான் மாவுக்கட்டு போடுவார்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. தாராவியில் எல்லாரும் ஒரே ரூமில் இருந்தோம். மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிச் சீக்க வீட்டுக்குக் கொண்டாந்துட்டியளே. பிள்ளையளுக்கு ஒட்டுனா என்ன செய்ய? அந்த டூட்டிய விட்டுருங்க."

அம்பர்நாத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அவள் தம்பியும் சேர்ந்துகொண்டான். "எங்க கம்பெனில ஆள் எடுக்காவ அத்தான், வாங்க." இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினான்.

"ஏல, நான் பாக்கது எலும்பு வார்டு. அங்க எல்லாவனும் கால ஒடிச்சுட்டுக் கெடக்கான், ஒருத்தனும் இருமல. இந்த ரூமுல மொதல்ல இருமுனது யாரு?"

மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாளே அவன் பெட்டியோடு அம்பர்நாத் வண்டி ஏறினான். என் வேலை பிழைத்தது.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் முதல் கால் ஒடிந்தவர்கள் வரை வார்டே இருமியது. சளி வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்பதை நானே நிரூபித்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு மச்சினன் இருந்தால், பெயர் போடாமல் எழுதுங்கள்.