பாலத்து இறக்கம்

எங்கள் புதிய எலெக்ட்ரிக் கார் ஆற்றுப் பாலத்தின் இறக்கத்தில் இறங்கியபோது சத்தமே இல்லை. "இன்ஜின் ஆஃப் ஆன மாதிரி இல்ல?" என்று ஓட்டிக்கொண்டிருந்த கணவர் பெருமையாகக் கேட்டார். ஆஃப் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் இருந்த நான் முன்னால் சாலையை எட்டிப் பார்த்தேன்.

என் சின்ன வயதில் இதே இறக்கத்தில் அப்பா தன் டீசல் ஜீப்பின் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருளவிடுவார். காதை அடைத்த இரைச்சல் நின்று, டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். "எறக்கத்துல இன்ஜினுக்கு இன்னா வேல?" என்பார். நான் முன்சீட்டில் அம்மாவின் மடியில் இருப்பேன். பெல்ட் என்ற ஒன்று எங்கள் பேச்சிலேயே கிடையாது.

ஒருநாள் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியது. இன்ஜின் ஓடாததால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. அப்பா ஏறக்குறைய எழுந்து நின்று மிதித்தார். அம்மாவின் கை என் மார்பை இறுக்கியது. கரும்புத் தோகை கண்ணாடியில் உரச, ஜீப் நின்றது.

"இன்னா ஆயிடுச்சி இப்போ? நின்னுச்சா இல்லியா?" என்றார் அப்பா.

"நின்னது வண்டி இல்ல, என் உசுரு. இன்னொரு வாட்டி ஆஃப் பண்ணு, நானும் பொண்ணும் பஸ்ல போயிக்கிறோம்."

அதற்குப் பிறகும் அப்பா இன்ஜினை அணைத்தார், அம்மா இல்லாத நாட்களில்.

"அம்மா, கைய எடு. பெல்ட் போட்டிருக்கேன்ல?" என்றாள் என் மகள். அவள் மார்பின் குறுக்கே என் கை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பாலம் முடியும்வரை கையை எடுக்கவில்லை.