எந்த வயலுக்கு முன்னால் எந்த வயல்

சுடர்விழியை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அவள் சுபாவம் அப்படி. கணினி அறிவியல் படித்துவிட்டு கீழ்வேளூர் பக்கத்துக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அறுவடை சமயத்தில் விவசாயிகள் குழுவுக்கு அறுப்பு மிஷின் முறை போடுவது அவள்தான். போன வருஷம் நோட்டில் எழுதிப் போட்டபோது, "லிஸ்ட் போடுறவ வயலுதான் முதல்ல அறுபடும்" என்று டீக்கடையில் யாரோ சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

அதனால் இந்தத் தை மாதம் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். பேர்களையெல்லாம் ரேஷன் கடையில் நிற்பதுபோல ஒரு க்யூவில் நிறுத்தினாள். முதலில் பதிந்தவருக்கு முதலில் மிஷின். தன் வயலை மட்டும் வேண்டுமென்றே கடைசியில், இருபத்திரண்டாவதாகப் போட்டாள். இனி எவன் வாயைத் திறப்பான்?

முதல் பேர் மலர்க்கொடி. ஒண்டியாளாக மூன்று மா குத்தகை நிலம் பார்ப்பவள். கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. சாயங்காலம் மழை என்று செல்போனில் வேறு வந்துவிட்டது.

காலையில் வந்த மிஷின் ரோட்டிலேயே நின்றது. மலர்க்கொடியின் வயல் உள்ளே இருக்கிறது, தனி வழி கிடையாது. முன்வயலை அறுத்துவிட்டு அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

"நிக்கிற பயிர் மேல ஏத்தச் சொல்றீங்களாக்கா?" என்றான் டிரைவர் அப்சர்.

முன்வயல் சுடர்விழியுடையது. நல்ல பேர் வாங்கப்போய் மலர்க்கொடி வயிற்றில் அடித்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

ஸ்கூட்டியிலிருந்த லேப்டாப்பை எடுத்து வரப்பிலேயே உட்கார்ந்தாள். ஆள்கள் வரிசையில் நிற்பார்கள், வயல்கள் நிற்குமா? இது ஏன் முன்பே உறைக்கவில்லை? பதிந்த வரிசை மட்டும் போதாதென்று பக்கத்திலேயே ஒரு டிக்‌ஷனரி போட்டாள். அகராதியில் சொல்லுக்கு நேராகப் பொருள் இருப்பதுபோல, இதில் ஒவ்வொரு வயலுக்கு நேராகவும் அதற்கு முன்னால் அறுபட வேண்டிய வயல். ஒருவர் முறை வந்தால், புரோகிராம் அவர் முன்வயலைத் தேடிப்பிடித்து அதை முதலில் போட்டுவிடும்.

ஓட்டிப் பார்த்தாள். முதல் பேர்: சுடர்விழி.

வாட்ஸப் குழுவில் அனுப்பக் கை வரவில்லை.

"என்னத்தப் பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள், வரப்பில் காத்து நின்று திரையை எட்டிப் பார்த்த மலர்க்கொடி.

"ஊரு பேசுமேக்கா."

"பேசட்டும். அதுக்குப் பயந்துக்கிட்டு என் நெல்ல வயல்லயே முளைக்க விடப்போறியா? மொதல்ல நீ அறுடி."

அனுப்பினாள். மிஷின் அவள் வயலில் இறங்கியது.

சாயங்காலம் தூறல் விழுந்தபோது குழுவில் ஒரு செய்தி வந்தது: "இந்த வருசமும் லிஸ்ட் போடுறவங்க வயலுதான் முதல்ல." படித்தாள். சுருக்கென்றுதான் இருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அறுத்துக் குவித்திருந்த மலர்க்கொடியின் நெல்லை மூடத் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தாள்.