விடியலில் என் காரின் வயரைப் பிடுங்குவது யார்?

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. ஆகவே மின்சாரக் காரைத் தெருவில் நிறுத்தி, வாசல் வழியாக வயர் இழுத்து இரவில் சார்ஜ் போடுகிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை முதல், விடியும்போது வயர் பிடுங்கப்பட்டுக் கிடக்கிறது. சார்ஜ் பாதியில் நிற்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, சென்னை சென்று மகளைப் பிரசவத்திற்கு அழைத்து வர வேண்டும்.

எதிர்வீட்டுக் காதர் பாய் மீதே எனக்குச் சந்தேகம். "வண்டி ஓடுதா சார்?" என்று தினமும் சிரிப்பவர் அவர்தான்.

இன்று விடியலில் ஜன்னலோரம் மறைந்து நின்றேன். பிடுங்கியவர் என் மனைவி, கையில் வாளி.

"பின்ன? ஞாயித்துக்கெழம மார்கழி பொறந்தாச்சு. கரண்டு வயரு மேலயா தண்ணி தெளிச்சிப் பெரிய கோலம் போடுவாங்க?"

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கோலத்த நிறுத்தச் சொல்லுவீங்க. சுவிச்ச அணைச்சிட்டுப் புடுங்குங்கம்மான்னு பாய்தான் சொல்லிக் குடுத்தாரு."

ஆக, காதர் பாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் சந்தேகம் முற்றிலும் தவறு என்று எவரேனும் கூற முடியுமா?