குப்பூஸ் கொண்டுவந்தவருக்கு என் ஓட்டு

உங்கள் கடையை இழுத்து மூடுவேன் என்று சொல்கிற ஆளுக்கு நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா?

'எனக்கென்ன பைத்தியமா' என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். போன வாரம், காலேஜ் பட்டிமன்றத்தில், மேஜையைத் தட்டி! 'யுத்தம் முடிந்த நாட்டில் தேர்தல் வைத்தால் மத அடிப்படைவாதிகள் ஜெயிப்பார்களா?' என்பது தலைப்பு. சான்ஸே இல்லை, அடிபட்ட ஜனம் நிம்மதியைத்தான் தேடும் என்று முழங்கி, கைதட்டலும் வாங்கியாச்சு.

அந்தத் தெம்போடு மேலப்பாளையம் போனேன். கிளாஸ்மேட் சாகுல் வீடு. அவனுடைய அக்கா பாத்திமாவின் கணவர் காதர் — சாகுலுக்கு மச்சான் என்றால் எனக்கும் மச்சான்தான் — குவைத்தில் வீடியோ கேசட் கடையில் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஈராக் படை புகுந்தபோது அங்கே மாட்டிக்கொண்டு, தப்பி ஊர் வந்து சேர்ந்தவர்.

இப்போது கடையை மறுபடி திறந்துவிட்டார்கள். 'கிளம்பி வா' என்று முதலாளி போன். கூடவே ஒரு வால்... அங்கே இந்த வாரம் தேர்தல். ஆட்சி என்னவோ மன்னருடையதுதான், ஆனாலும் சட்டசபைக்குத் தேர்தல். கடைக்குப் பக்கத்து வீட்டுத் தாடிக்காரர் நிற்கிறார். ஜெயித்தால், மார்க்கத்துக்கு ஆகாது என்று வீடியோ கடைகளை மூடவைப்பாராம்!

போவதா, வேண்டாமா? வீடு முழுக்க இதே பேச்சு.

மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். அந்தி மயங்கி, மஃரிப் தொழுகை முடிந்த நேரம். கீழே தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் தாமிரபரணி, யாரோ காயப்போட்டுவிட்டு எடுக்க மறந்த வேட்டி மாதிரி வெளுப்பாகக் கிடந்தது.

"கவலையே படாதீங்க மச்சான். அந்தத் தாடிக்காரர் ஜெயிக்க மாட்டார்" என்றேன்.

"ஜெயிப்பாரு தம்பி. எனக்கு அங்கன ஓட்டு இருந்தா நானே அவருக்குத்தான் குத்துவேன்."

சாகுல் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். "என்ன மச்சான், வெயில்ல நின்னீங்களா? உங்க சோத்துல மண்ணள்ளிப் போடுத ஆளு அவரு!"

மச்சான் சிரித்தார். பைய ஆரம்பித்தார். படை புகுந்த நாட்கள். ஊரே காலி. ஆளே இல்லாத ரோட்டில் சிக்னல் மட்டும் சிவப்பு, பச்சை, சிவப்பு என்று மாறிக்கொண்டே இருக்குமாம்... யாருக்காக? கடையின் பின்னறையில், ஓடாத படங்களுக்கு நடுவே இவர் தனியாக. கேட்கக் கேட்க, அந்த ஊரே தண்ணீருக்கு அடியில் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது.

"தெனம் காலைல கதவத் தட்டுவாரு. அந்தத் தாடிக்காரருதான். துணிக்குள்ள சுத்தி குப்பூஸ் இருக்கும்."

குப்பூஸ் என்றால் அந்த ஊர் ரொட்டி.

"முந்தி எங்க கடையப் பாத்தாலே காறித் துப்புத ஆளு தம்பி. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. 'சாப்பிடு'ன்னாரு, அம்புட்டுதான். இப்ப அவர எதுத்து நிக்குத கோட்டு போட்ட பெரிய பெரிய ஆளுகள்லாம் அன்னைக்கு எங்கன போனாங்கன்னே தெரியல."

கீழிருந்து படியேறி வந்த பாத்திமா அக்கா, பாதியிலேயே நின்று பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

"குப்பூஸ் குடுத்தாருல்லா, ஆயுசுக்கும் துஆ செய்யுங்க. ரொட்டிக் கடை வச்சா மொத ஆளாப் போயி வாங்குங்க. அதுக்காவ நான் எதப் பாக்கணும், எதப் பாக்கக் கூடாதுன்னு அவரா சொல்லணும்? பசிச்ச நேரத்துல குடுத்தது தர்மமா, அட்வான்ஸா?"

"அவரு ஒண்ணும் திருப்பிக் கேக்கலட்டி. நமக்கா குடுக்கத் தோணுது."

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அக்கா.

மச்சான்தான் கடைசியில், "போயித்தான் பாக்கேன். கடைய மூடுனா அவருகிட்டயே வேலை கேக்கேன்" என்றார்.

"மொதல்ல தாடி வளக்கச் சொல்லுவாரு" என்றான் சாகுல். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது டவுண் பஸ்ஸில் ஜன்னல் சீட். பாலத்துக்குக் கீழே ஆறு இருட்டிக்கொண்டு போனது. இது ஏதோ மேலப்பாளையத்து வியாதி, குவைத்து வியாதி என்று டவுண்காரர்கள் சிரிக்க வேண்டாம். எங்கள் தெருவிலும் ஒரு அண்ணாச்சி உண்டு. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, முதலில் காரோடு வந்து நின்றவர் அவர்தான். மேடை ஏறினால் சாகுல் வீட்டு ஆட்களைப் பற்றி அவர் பேசுவதை இங்கே எழுத முடியாது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அவருக்குத்தான் போடுகிறார். என்னத்தைச் சொல்ல?

மதவெறி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். ரொட்டியோடு வந்தால்? நல்ல மனுஷன்தானே... நிஜமாகவே நல்ல மனுஷன்தானே... அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். ஓட்டுக் கேட்க மட்டும் வருகிற மற்றவர்களை, வேறு யாரும் கதவைத் தட்டாத அந்தக் காலைகளில் யார் பார்த்தார்கள்?

இதை டைப் அடிக்கும்போது அங்கே ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. குவைத் விமானம் பிடிக்க, காதர் மச்சான் பம்பாய் ரயிலில் இருக்கிறார்.