ஜப நாளில் எழுதிய மன்னிப்பு

காயத்ரி ஜபத்தன்று எங்கள் வீட்டில் என்னோடு யாரும் பேசமாட்டார்கள். ஆயிரத்தெட்டு முடியும்வரை மௌனம். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். ஜபத்தில் உட்கார்ந்தவரின் கதவை யாரும் தட்டுவதில்லை. போன வருஷம் அதே நாளில் என்னை என் அறைக்குள்ளேயே சிறை வைத்தவனுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்கு அதிர்ஷ்டம், எனக்குக் கிரகசாரம்.

ஜபம் முடிந்து எழுந்திருக்கும்போது போனில் வீடியோ அழைப்பு வந்தது. காக்கிச் சட்டை, பின்னால் ஒரு கொடி. என் பெயரில் வாங்கிப் பேத்திக்குக் கொடுத்திருந்த சிம்மிலிருந்து அசிங்கமான படங்கள் போயிருக்கின்றனவாம். அவளுக்குப் பதினான்கு வயது. காலையில்தான் பள்ளிக்கூடப் பஸ் ஏறியிருந்தாள்.

"குட்டி ஞங்ஙளுடெ கஸ்டடியிலாணு. ஆரோடும் பறயருது" என்றான், எங்கள் ஊர் மலையாளத்தில். பிள்ளை அவர்கள் பிடியில் இருக்கிறாளாம்.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கேமராவை விட்டு நகரக்கூடாது, மீறினால் பிள்ளையின் பெயர் நாளைப் பேப்பரில் வரும். குளியலறைக்குக்கூட போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனேன். எழுபத்திரண்டு வயதில் அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல?

மத்தியானம் கதவுக்கு வெளியே மருமகள் என் மகனோடு போனில் பேசுவது கேட்டது.

"அப்பா இன்னும் எழுந்திருக்கலை. இந்த வருஷம் பத்தாயிரத்தெட்டோ என்னமோ, கேட்டேளா. நான் கூப்பிடப் போகலை. தட்டை மூடி வெச்சிருக்கேன்."

எனக்கும் கதவுக்கும் நடுவே நாலடிதான். ஒரு குரல் கொடுத்தால் போதும். லாக்கப்பில் அழுதுகொண்டிருக்கும் பேத்தியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மருமகளின் மரியாதை மேலேயே கோபம் வந்தது. ஒரு தடவை தட்டித் தொலைத்தால் என்ன?

பிறகு அவன், சிம் என்னுடையதுதான் என்று ஒரு வாக்குமூலம் எழுதச் சொன்னான். சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் ஃபைலில் எழுதித் தேய்ந்த கை சும்மா இருக்குமா? முழுப் பக்கம் இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கேமராவுக்கு நேரே பிடித்தேன். நாளைக்கு வங்கிக்குப் போகவேண்டியிருக்கும், மற்றதை அப்புறம் சொல்கிறேன் என்றான்.

நாலரை மணிக்கு ஜன்னலில் பேத்தியின் முகம். தோளில் புத்தகப் பை, வாயில் முறுக்கு.

"தாத்தா, இன்னுமா ஜபம்?"

போனில் அவன் "குட்டி இவிடெ இருந்து கரயுன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் அழுகிறவள் இங்கே முறுக்கு தின்கிறாள். நான் அப்போதே சிரித்திருக்க வேண்டும். புத்தி வேலை செய்யவில்லை.

"போலீஸ்காரா உன்னை விட்டுட்டாளா? அந்தப் படத்தையெல்லாம் ஏண்டி அனுப்பினே?" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எட்டிப் பார்த்துக் காக்கிச் சட்டையைக் கண்டதும் கத்தினாள்.

"அய்யோ, இது தட்டிப்பு தாத்தா! இவன் போலீசே இல்லை, ஏமாத்தறான். ஸ்கூல்ல இதுக்குன்னே கிளாஸ் எடுத்தா. கதவைத் திறங்கோ!"

திறந்தேன். போனைப் பிடுங்கி அணைத்தாள். மருமகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது மேஜை மேலிருந்த காகிதத்தைப் பேத்தி எடுத்துப் படித்தாள். நிதானமாக, இரண்டு தடவை.

"எல்லாம் அவன் சொல்லித்தான் எழுதினேன்" என்றேன்.

அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். 'என் பேத்தி அறியாப் பருவத்தில் இந்தத் தவறைச் செய்துவிட்டாள், அவளை மன்னிக்க வேண்டும்.'

"இதுவும் அவன் சொன்னதா?"

அவன் கேட்டது சிம் யாருடையது என்பதை மட்டும்தான். ஜபம் காலையிலேயே முடிந்துவிட்டது, பேச ஒரு தடையும் இல்லை. அவள் காகிதத்தைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். நான் காலி டம்ளரை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டேன்.