‘ஒண்ணும் சொல்லலை’

ஐம்பதுகளின் கடைசியில் நான் சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வயது இருபத்துமூன்று. தீக்காயம் பட்டவர்களுக்கென்று பின்கட்டில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு நீள அறை உண்டு. தீபாவளி நெருங்கினால் கொசுவலை கட்டி, காயக்காரர்களைப் படுக்கவைக்க வாழை இலை வெட்டிவைத்து, ஆள் வருவதற்கு முன்பே தயாராக இருப்போம். யாரும் வராத நாட்களில்தான் எங்களுக்குப் பயம் அதிகம். ஒரு வாரம் அப்படிக் கழிந்துவிட்டால் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட மாட்டோம்.

அந்த வருடம் தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கையில் ராத்திரி பெருமழை பெய்தது. மறுநாள் காலை தாயில்பட்டிப் பக்கமிருந்து ஒருவரை லாரியில் கொண்டுவந்தார்கள். பட்டாசுக்கு மருந்து கலக்குகிறவர். நாற்பது வயது இருக்கும். முகத்தைத் தவிர உடம்பு முழுவதும் வெந்திருந்தது. அந்த அளவுக்கு வெந்தவர்களுக்கு முதல் சில மணி நேரம் வலி தெரியாது. தெளிவாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வீட்டார் பிழைத்துவிடுவார் என்று நம்புவார்கள். நாங்கள் நம்பமாட்டோம்.

உடம்போடு ஒட்டிய துணியை நான் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

“நர்ஸம்மா, கூரை ஒழுகி மருந்து நனைஞ்சுபோச்சு. நனைஞ்சா மருந்து தானாச் சூடேறும், தொட்டாச் சுடுது. வெளிய தூக்கிட்டுப் போகையிலதான் பத்திருச்சு. அதே மருந்துல பாதி மூணாம் ரூமுல இருக்கு. அங்கன யாரையும் போக விட்டுறாதீக. சொல்லி விடுங்க.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் சொன்னேன். சிறிது நேரத்தில் அவருக்கு நினைவு தப்பியது.

அன்று நாலு மணிக்கு விருதுநகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் திருச்சபைக்காரர்தான். இதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. மூன்று மணிக்கு டூட்டி முடிகிறது. அதற்குக் கால்மணி நேரம் முன்னால் போலீஸ் ஏட்டு வந்தார். கட்டிலைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, நினைவோடு இருந்தபோது ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

ஆம் என்றால் உட்கார்ந்து எழுதுவார். டாக்டரைக் கூப்பிடுவார். கையெழுத்து, சாட்சி என்று ஆறு மணியாகிவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது.

“தண்ணி கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லலை” என்றேன்.

காலையில் வந்ததும் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். வெந்துபோன மனிதர் ஏதோ உளறியிருப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே சமயத்தில் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துப் பூ வைத்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். நான் தட்டை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வார்டில் அவர் இறந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஆறரைக்கு வார்டுக்கு வந்தேன். அவருடைய கட்டிலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆள் அனுப்ப வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. ஆனால் யாரை அனுப்புவது, நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கித் தயங்கி ஒன்பது மணியாகிவிட்டது. அப்போது ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. சத்தம் பிறகுதான் வந்தது. மற்றவர்கள் எந்தக் கம்பெனி என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். எனக்குக் கம்பெனி மட்டுமல்ல, எந்த ரூம் என்பதும் தெரிந்திருந்தது.

சீசன் நேரம் என்று எரிந்த அறையை மட்டும் பூட்டிவிட்டு வேலையை நடத்தியிருக்கிறார்கள். மூன்றாம் ரூமை ஒதுக்கிக் காலிசெய்ய அக்காள் தங்கை இருவரை அனுப்பியிருக்கிறார்கள். தங்கைக்குப் பதினேழு வயது. வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அக்காளுக்கு இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்திருந்தன. என் வார்டில் மூன்று மாதம் இருந்தாள். தினமும் நான்தான் கட்டுப் பிரித்துக் கட்டினேன், சோறும் ஊட்டிவிட்டேன். வேறு நர்ஸ்களைத் தொடவிடமாட்டாள். அக்கா அக்கா என்று என்னையே கூப்பிடுவாள். இம்புட்டுப் பாசமா யாரு பாப்பாக என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை.

கல்யாணமாகி விருதுநகருக்கு வந்தேன். என் கணவர் பெண் பார்க்க வந்த நாளைப் பற்றி அடிக்கடி பேசுவார். காப்பி கொடுக்கையில் என் கை நடுங்கியதாம். அடக்கமான பெண் என்று அதைப் பார்த்துத்தான் சம்மதித்தாராம். நான் சிரித்து வைப்பேன்.

கை வெந்த அந்தப் பெண்ணோ வருடம் தவறாமல் தீபாவளி முடிந்த வாரம் வருவாள். பை நிறைய நிலக்கடலை கொண்டுவருவாள். தழும்பேறிய விரல்களால் எடுத்து என் மடியில் போடுவாள். அந்த வாரம் நெருங்கும்போதே எனக்குச் சோறு இறங்காது. பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்ப்பேன். ஒருநாள் எப்படியாவது அவளுக்குத் தெரிந்துவிடும், அப்போது என்னைச் சுற்றியிருப்பதெல்லாம் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. உபவாசம் இருந்தேன், ஜெபித்தேன். பொதுப் பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து உரக்கச் சொன்னேன். எல்லோரோடும் சேர்ந்து சொல்வது சுலபமாக இருந்தது.

ஆறாவது வருடம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவிருந்துக்கு முழங்கால்படியிட்டிருந்தேன். குருவானவர் அப்பத்தோடு என் எதிரே வந்து நின்றார். கையை நீட்ட முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் அவர் என்னைக் கோயிலின் பக்க அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். சமாதானம் வேண்டுமென்று ஆறு வருடமாகக் கேட்கிறேன், ஆண்டவர் தரவில்லையே என்றும் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“சமாதானம் கேட்டீக, சரிம்மா. மன்னிப்புக் கேட்டீகளா? பயமா இருக்குன்னுதான் அவர்கிட்டச் சொல்லியிருக்கீக. நீங்க செஞ்சது என்னன்னு இன்னும் சொல்லலையே.”

அங்கேயே முழங்கால்படியிட்டேன். செத்துக்கொண்டிருந்தவர் சொன்னதை நான் மறைத்தேன் ஆண்டவரே, என் காரியம் நடக்க வேண்டுமென்று பொய் சொன்னேன், அந்தப் பிள்ளை செத்துப்போனது என்றேன். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தவளை யாரோ பிடித்து உட்காரவைத்ததுபோல் இருந்தது. குருவானவர் பாவமன்னிப்பைச் சொன்னபோது, மன்னிப்பு என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் என் காதால் கேட்டேன். ஆனால் எழுந்திருக்கும்போதே, இனி எங்கே போகவேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. அதை அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “என்னைப் பாக்க வந்த அன்னைக்கா?” என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு, தனியாகப் போகவேண்டாம் என்றார்.

பங்குனி வெயில். வெம்பக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். காற்றில் கந்தக வாடை அடித்தது. கம்பெனிகளின் மேல் எச்சரிக்கைச் சிவப்புக் கொடிகள் அசையாமல் தொங்கின. வழியில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வீட்டு முன்னால் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து, பாயை விரித்து, காப்பி போடப் போனாள். வேண்டாம் என்று உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மருந்து தானாகச் சூடேறியதை மருந்து கலக்கினவர் சொன்னார், நான்தான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

அவள் அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் மருந்துத் தட்டை இழுத்தேன்க்கா. மெதுவா இழுன்னா தங்கச்சி. நான்தான் வெடுக்குன்னு இழுத்துட்டேன். அந்த உரசல்லதான் பத்துச்சு, நானே அவளைக் கொன்னுட்டேன்னு இம்புட்டு வருசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடத்தில் ஐந்து தடவை என் எதிரில் வந்து உட்கார்ந்தவள். என் ஒரு வார்த்தையில் அந்தப் பாரம் அவளைவிட்டு இறங்கியிருக்கும். ஒருத்தியை அல்ல, இரண்டு பேரைக் கொன்றிருக்கிறேன் என்று தோன்றியது. அவள் காலில் விழுந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“போங்க” என்றாள். “இப்பப் போயிருங்க.”

மருந்து கலக்கினவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவர் கவனக்குறைவால்தான் விபத்து என்று கேஸில் எழுதியிருந்தார்களாம். அவர் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னாள். மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்டாள். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். அந்தப் பழைய ஏட்டு மாறிப் போயிருந்தார். இருந்தவர் வாசித்துப் பார்த்துவிட்டு, முடிந்துபோன கேஸ் அம்மா என்றார். என்னைக் கைது செய்வார்கள் என்று துணிமணி எடுத்து வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்தில் கையை நீட்டினேன். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலே, சும்மா தலையைச் சாய்த்தேன். எழுந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். கனவில்லாத தூக்கம். நான் எழுதிக் கொடுத்ததாலோ அழுததாலோ வந்ததல்ல அது என்று எனக்குத் தெரியும். கொடுக்கப்பட்டது. தகுதி பார்த்திருந்தால் கிடைத்திருக்காது. அந்த இளைப்பாறுதல் பின்னர் என்னைவிட்டுப் போகவில்லை. பயம் மட்டும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மேற்கே சிவகாசிப் பக்கம் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

தீபாவளி முடிந்த வாரம் அவள் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அதற்கடுத்த கோடையில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கணவன் பக்கத்தில் இருந்தான், இடுப்பில் குழந்தை. அவளும் என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை, சிரிக்கவும் இல்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தபடியே இருந்தாள். நானும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.